வளைவில் உங்கள் கையை முறுக்கியது யார்?

வாசகர் கடிதம்:

எனக்கு 31 வயது. ஒன்பது மாதமாக 125 சிசி பைக் ஓட்டுகிறேன். என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி. விடுமுறை நாட்களில் சேர்ந்து ஓட்டும் ஒரு குழுவில் இருக்கிறேன். மொத்தம் பதினோரு பேர். மற்ற எல்லோரிடமும் 400 சிசியும் அதற்கு மேலும். முதல் நாளே என் வண்டிக்கு ‘தையல் மெஷின்’ என்று பெயர் வைத்தார்கள். இப்போது அது எனக்கே பெயராகிவிட்டது. ‘தையல் மெஷின் வந்தாச்சா?’ என்றுதான் விசாரிப்பார்கள். வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் குனிந்து என் பின்டயரின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, ‘இன்னும் ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கு’ என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நான் கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் போடுவதால் ‘ரோபோ’ என்று இன்னொரு பெயரும் உண்டு. போன மாதம் மலைப்பாதை ஒன்றில் அவர்களோடு ஒட்டிப்போக நினைத்து ஒரு வளைவில் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி உரசுகிற தூரத்தில் கடந்தது. யாரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதே வாரம் என் தங்கை ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடு என்று கேட்டாள். ‘அதெல்லாம் ஒரு வண்டியா?’ என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் பெரிய வண்டி வாங்கிவிடட்டுமா? குழுவை விட்டு விலகட்டுமா? இல்லை, சின்ன விஷயத்தை நான்தான் பெரிதாக்குகிறேனா?

இருசக்கர வாகனப் பயிற்சியாளரின் பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தைப் படித்தபோது என் கண் போய் நின்ற இடம் வேறு. ‘யாரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை’ என்று நான்கு சொற்களில் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அந்த வளைவில் நின்றுவிட்டேன். பட்டப்பெயரைப் பற்றி அவ்வளவு விவரமாக எழுதியவர், உயிர் போயிருக்கக்கூடிய இடத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் பெயர் உங்களுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது. அதனால் வளைவிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று நான் உங்கள் பின்னால் வரவில்லை. ஆனாலும் பதினெட்டு வருடமாகக் கற்றுக்கொடுப்பவன் என்பதால் ஓரளவு ஊகிக்க முடியும். முன்னால் போனவரின் பின்விளக்கைப் பார்த்தபடியே வளைவுக்குள் நுழைந்திருப்பீர்கள். வளைவு எவ்வளவு இறுக்கம் என்று பார்த்து வேகத்தை முடிவு செய்யாமல், அவருடைய வேகத்தையே உங்களுடையதாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாதி வழியில் ‘அதிகமாகிவிட்டது’ என்று உடம்பு சொல்லியிருக்கும். கை தானாக த்ராட்டிலை விட்டிருக்கும், விரல்கள் முன் பிரேக்கைப் பிடித்திருக்கும். சாய்ந்து போகிற வண்டியில் முன் பிரேக்கைப் பிடித்தால் அது நிமிரப் பார்க்கும். நிமிர்கிற வண்டி வெளிப்பக்கம் விலகும். அந்த நேரத்தில் உங்கள் கண் எதிரே வந்த லாரியின் மேல் நிலைத்திருக்கும். கண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டியும் போகும். இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு ஆய்வுக்குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தது. வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் தவறுதான் காரணம் என்று அதில் இருக்கிறது. வழக்கமான தவறுகள் என்று அவர்கள் எழுதியவை இரண்டு. ஒன்று, பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்துச் சறுக்கி விழுவது. இன்னொன்று, வேகம் அதிகமாகியோ வண்டியைப் போதுமான அளவு சாய்க்காமலோ வளைவில் வெளியே போய்விடுவது. உங்கள் மலைப்பாதை அந்தப் பழைய அறிக்கையில் அப்படியே இருக்கிறது.

அடுத்தமுறை வளைவில் அதிகமாகிவிட்டது என்று தோன்றினால், பார்வையைப் பாதை போகிற பக்கம் திருப்புங்கள். வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஹேண்டில்பாரை முன்னோக்கி அழுத்துங்கள். வண்டி இன்னும் சாயும். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகச் சாய அதால் முடியும். இதைப் படித்துவிட்டுப் போய் அதே மலைப்பாதையில் செய்து பார்க்காதீர்கள். வண்டியே வராத ஒரு திடலில், குறைந்த வேகத்தில், யாராவது தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, கைக்குப் பழகும்வரை செய்யுங்கள்.

இனி அந்த டயர் ஓரம். பின்டயரின் இரண்டு ஓரங்களிலும் தரையில் தேயாமல் மிஞ்சுகிற பட்டைக்கு ‘சிக்கன் ஸ்ட்ரிப்’ என்று பெயர். பயந்தாங்கொள்ளியின் பட்டை என்று அர்த்தம். உங்கள் நண்பர்கள் கண்டுபிடித்த கேலி இல்லை இது. பைக் ஓட்டுகிறவர்கள் இருக்கிற எல்லா நாட்டிலும் யாராவது யாருடைய டயரையோ தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டை எதைக் காட்டுகிறது என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி ஏறத்தாழ 21 பாகை சாய வேண்டும். அதே வளைவில் 70 கிலோமீட்டரில் போனால் 37 பாகைக்கு மேல் சாய வேண்டியிருக்கும். வேகத்தை இருபது கூட்டியதற்கே இவ்வளவு வித்தியாசம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் இந்தச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் (tan) மதிப்பு கிடைக்கும்; பள்ளிக்கூட இயற்பியல்தான். டயர் அகலமாக இருந்தால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் சிசி எங்கேயாவது வருகிறதா? வண்டியின் எடை வருகிறதா? துணிச்சல் வருகிறதா?

ஆக, உங்கள் டயர் ஓரம் புதிதாக இருக்கிறது என்றால், நீங்கள் போன பாதைக்கும் வேகத்துக்கும் அதற்கு மேல் சாய்க்கத் தேவைப்படவில்லை. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பொதுச் சாலையில் அந்தப் பட்டையை நான் சேமிப்பு என்பேன். வளைவு திரும்பியதும் மணல் சிதறிக் கிடக்கலாம், ஒரு நாய் குறுக்கே வரலாம், வளைவே நடுவில் இன்னும் இறுகலாம். அப்போது மேற்கொண்டு சாய்க்க உங்களிடம் மிச்சம் ஏதாவது இருக்க வேண்டும். ஓரம் வரை தேய்த்தே ஆகவேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே எதிரில் லாரி வராது.

இதையெல்லாம் தெரிந்த நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். கற்றுக்கொடுக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு வகுப்பில் மிக மெதுவாக ஓட்டிய ஒரு மாணவரை ‘ஆமை’ என்று கூப்பிட்டேன். பிரியமாகத்தான் சொல்வதாக நினைத்தேன். வகுப்பே அவரை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவரும் சிரித்துக்கொண்டார். மூன்றாம் நாள் பிரேக் பயிற்சியில், நான் சொன்ன வேகத்தைவிட மிக அதிகமாக வந்து முன் பிரேக்கை இறுகப் பிடித்து விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்டேன். ‘இன்னிக்காவது ஆமைன்னு சொல்லமாட்டீங்கன்னு நினைச்சேன் சார்’ என்றார். அதற்குப் பிறகு என் வகுப்பில் யாரும் யாருக்கும் பெயர் வைக்க நான் அனுமதிப்பதில்லை. நாகரிகம் கருதி அல்ல, எலும்பு முறிந்த சத்தத்தைக் கேட்டவன் என்பதால்.

இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்: இளக்காரமாக வைத்த பெயர் மனதை மட்டும் புண்படுத்திவிட்டு நிற்பதில்லை. அது நேராக வலது மணிக்கட்டுக்குப் போகிறது. ரோஷம் வந்தவன் சாலையை விட்டுவிட்டு, தன்னைப் பார்க்கிறவர்களுக்காக ஓட்ட ஆரம்பிக்கிறான். அந்த மலைப்பாதையில் த்ராட்டிலை முறுக்கியது உங்கள் கைதான். முறுக்கச் சொன்னது ‘தையல் மெஷின்’ என்ற அந்தப் பெயர். ஆகவே, சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. இன்னும் சொன்னால், போதுமான அளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கூட்டாளிகளுக்குள் வைக்கிற பெயர் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடும் மூன்று பேரும் எனக்காக நடுராத்திரியில் டியூபும் பம்பும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். எது பிரியம், எது மட்டம் தட்டல் என்று பிரித்துப் பார்க்க நான் சிலவற்றைக் கவனிப்பேன். வேண்டாம் என்று ஒருமுறை நிதானமாகச் சொன்னால் நிற்கிறதா? நீங்கள் திருப்பி ஒரு பெயர் வைத்தால் அவர்களும் சிரிப்பார்களா, முகம் கறுக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெயரைக் கேட்ட பிறகு நீங்கள் ஓட்டும் விதம் மாறுகிறதா? கடைசிக் கேள்விக்கு உங்களிடம் ஏற்கெனவே பதில் இருக்கிறது.

பெரிய வண்டி வாங்கட்டுமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். எப்போதுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பெயரிலிருந்து தப்பிப்பதற்காக வாங்கப்படும் வண்டி, வாங்கிய நாளிலிருந்தே அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் கொடுக்கும் முறையைப் பாருங்கள். முதல் படியில் 125 சிசி, 11 கிலோவாட் வரை. அடுத்த படியில் 35 கிலோவாட் வரை. அதற்கும் பிறகுதான் அளவில்லாத வண்டி. ஏறுகிறவரின் கை பழகப் பழகத்தான் சக்தி கூடலாம் என்பது அந்த ஏற்பாட்டின் அர்த்தம். ஒன்பது மாதத்தில் வளைவில் வெளியே போன கைக்கு மூன்று மடங்கு சக்தியுள்ள எஞ்சினைக் கொடுத்தால், அதே தவறு இன்னும் சீக்கிரம் நடக்கும், இன்னும் தூரம் போகும். நெடுஞ்சாலையில் நாள்முழுக்க ஓட்ட வேண்டும், பின்னால் ஆள் ஏற்ற வேண்டும், சுமை கட்ட வேண்டும், உயரத்துக்கு இந்த வண்டி போதவில்லை என்று உங்களுக்கே ஒரு தேவை வரும்போது வாங்குங்கள். வாங்கிய செய்தியைக் குழுவில் யாரிடமும் சொல்ல வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இல்லையென்றால், சரியான நேரத்தில்தான் வாங்குகிறீர்கள்.

சின்ன எஞ்சின் என்றால் சின்ன ஆள் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஸ்பெயினின் ஆஞ்ஹெல் நியெத்தோ 13 முறை உலகச் சாம்பியன். பதின்மூன்று என்ற எண் ராசியில்லை என்று ‘12+1’ என்றுதான் சொல்வார். அந்தப் பட்டங்களில் ஆறு 50 சிசி பிரிவில் வென்றவை, ஏழு 125 சிசி பிரிவில். உங்கள் வண்டியின் அளவைத் தாண்டி ஒரு பட்டம்கூட இல்லை. 1960களின் 50 சிசி பந்தய வண்டிகளைப் பற்றித் தெரிந்தால் உங்கள் நண்பர்கள் அசந்துபோவார்கள். சுசுகி செய்த ஒரு 50 சிசி வண்டிக்கு 14 கியர். எஞ்சின் பலமாக இழுக்கும் சுழற்சி வீச்சு அவ்வளவு குறுகல். கியர் கொஞ்சம் தப்பினால், வேகம் கொஞ்சம் விழுந்தால், மீட்டுக்கொடுக்க எஞ்சினில் ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவரின் கணிப்புதான் எல்லாம். பெரிய எஞ்சினில் வளைவில் செய்த பிழையை நேர்ப்பாதையில் ஒரு முறுக்கில் மறைத்துவிடலாம். சின்ன எஞ்சினில் மறைக்க முடியாது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நேர்மையான வாத்தியார் கிடைக்காது என்பது என் கட்சி.

பந்தயத்தை விடுங்கள், பயணம்? ஆன்-ஃபிரான்ஸ் தோத்வீல் என்ற பிரெஞ்சுப் பெண் 1973இல் 125 சிசி கவாசாகியில் தனியாகக் கிளம்பி மூன்று கண்டங்களைச் சுற்றி வந்தார். 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் 50 சிசியில், நாலரைக் குதிரைச் சக்தியில் ஆரம்பித்த வண்டி. 2017இல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. எஞ்சின் வைத்த வேறு எந்த வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. உலகத்தை இரண்டு சக்கரத்தில் நகர்த்தியது உங்கள் ‘தையல் மெஷின்’ சாதிதான். அது போகட்டும், தையல் மெஷின் எப்போது வசைச்சொல் ஆனது? நாள்முழுக்க, வருடக்கணக்கில், மக்கர் பண்ணாமல் ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிற இயந்திரம் அது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். வண்டிகளுக்கு வைக்கும் கேலிப்பெயர்களைக் கூர்ந்து பாருங்கள். ‘தையல் மெஷின்’, ‘டெலிவரி வண்டி’, ‘பொண்ணுங்க வண்டி’, ‘தாத்தா வண்டி’. ஒன்றாவது வண்டியின் குறையைச் சொல்கிறதா? பிரேக் சரியில்லை, சஸ்பென்ஷன் மோசம் என்று எதுவும் இல்லை. உழைக்கிறவர், பெண், வயதானவர் என்று வேறொருவரைக் கீழே வைத்து, அவரோடு உங்களைச் சேர்ப்பதுதான் அந்தக் கேலி. சாப்பாடும் பொட்டலமும் கொண்டுபோகிற ஒரு டெலிவரிக்காரர் ஒரே நாளில் மழை, இருட்டு, நெரிசல் எல்லாவற்றிலும் ஓட்டுகிறார். விடுமுறைக்கு விடுமுறை வெயில் அடித்தால் மட்டும் வண்டியை எடுக்கிற எவரையும்விட அவருடைய கைக்கு அதிகம் தெரியும். அவர் வண்டியின் பெயர் ஒரு வசை என்று நினைப்பவரிடம் ஓட்டுதலைப் பற்றிக் கற்றுக்கொள்ள அதிகம் ஒன்றும் இல்லை.

அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தால் கொஞ்சம் பாரம் குறையும். ஹென்றி தாஷ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 1970இல் வெளியிட்டார். திரையில் தெரிந்த புள்ளிகளை எண்ணியதையோ, இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்தது என்பதையோ காரணம் காட்டி அவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு. தன் குழுவில் யார் இருக்கிறார் என்றுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். தங்கள் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. எதிர்க்குழுவைவிட மேலே நிற்க முடியும் என்றால், தங்கள் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை என்று தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என்னை யோசிக்கவைத்தது. ஒன்றுமில்லாத வித்தியாசத்துக்கே இவ்வளவு என்றால், கண்ணுக்குத் தெரிகிற வண்டி, காதுக்குக் கேட்கிற சைலன்சர் சத்தம் இருக்கும்போது கேட்கவா வேண்டும். அதே இங்கிலாந்தில் 1964இல் கடற்கரை ஊர்களில் இரண்டு இளைஞர் கூட்டங்கள் அடித்துக்கொண்டன. ஒரு கூட்டம் வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டர்காரர்கள். இன்னொரு கூட்டம் டிரையம்ஃப், நார்ட்டன் மோட்டார்சைக்கிள்காரர்கள். காரில் போகிறவருக்கு இருவருமே மழையில் நனைகிற இரண்டுசக்கரக்காரர்கள்தான்.

இந்த ஏணிக்கு மேல்முனையும் கிடையாது. உங்களைச் சிரிக்கிற 400 சிசிக்காரரை ஒரு 1000 சிசிக்காரர் ‘கத்துக்குட்டி வண்டி’ என்பார். அந்த ஆயிரத்தை இன்னொருவர் ‘காசு இருக்கு, ஓட்டத் தெரியாது’ என்பார். பழைய வண்டி வைத்திருப்பவர் புது வண்டிக்காரரைச் ‘சீன் பார்ட்டி’ என்பார். கவசம் போட்டவர் ரோபோ, போடாதவர் முட்டாள். ‘ரோபோ’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். ஹெல்மெட் அணிவது மரண அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் ஆண்டின் ஒரு மதிப்பாய்வு சொல்கிறது. கைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆய்வு தேவையில்லை. விழும்போது மனிதன் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். அதே சமயம், கவசம் போடாதவரைப் பார்த்து நீங்கள் ஒரு பெயர் வைத்தாலும் அவர் போடப்போவதில்லை. வசவு கேட்டு ஹெல்மெட் மாட்டிய ஒருவரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. உங்களிடம் கூடுதலாக ஒரு ஜோடி கையுறை இருந்தால் நீட்டிப் பாருங்கள், வாங்கிக்கொள்வார்.

சரி, குழுவை என்ன செய்வது? விலகுவதற்கு முன் ஒருமுறை பேசிப் பாருங்கள். எல்லோர் முன்னாலும் பேசாதீர்கள், கூட்டத்தில் யாருக்கும் காது கேட்காது. குழுவை முன்னால் நின்று நடத்துகிறவர் ஒருவர் இருப்பார். அவரைத் தனியாகப் பிடித்து, கேலியிலிருந்து தொடங்காமல் வளைவிலிருந்து தொடங்குங்கள். ‘அண்ணே, போன மாசம் மலைப்பாதையில உங்களோட ஒட்டி வரணும்னு அந்தப் பக்கம் போயிட்டேன். லாரிக்காரர் பார்த்ததால தப்பிச்சேன். இனிமே என் வேகத்துலதான் வருவேன். பின்னால விழுந்தா திருப்பத்துல நின்னு கூட்டிட்டுப் போங்க. அப்புறம், அந்தப் பேர் வேண்டாம்ணே. அதைக் கேட்டாலே கை முறுக்குது.’ இவ்வளவு போதும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும், தெரியும். ஆனால் ஓட்டத் தெரிந்த மனிதர் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார். அவருக்கும் ஒரு லாரி இருந்திருக்கும்.

அவர் ஒப்புக்கொண்டால் குழு ஓட்டத்தையே கொஞ்சம் மாற்றச் சொல்லுங்கள். பதினோரு பேர் ஒரே வரிசையில் போவது அதிகம். அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஐந்து முதல் ஏழு பேர் வரை என்று சொல்கிறது. இரண்டாகப் பிரிந்து போங்கள். புதியவர் கடைசியில் வருவதுதான் எல்லாக் குழுக்களிலும் நடக்கிற தவறு. முன்னால் போகிறவர் கொஞ்சம் வேகம் கூட்டினாலே, கடைசியில் வருபவர் இடைவெளியை அடைக்க மிக அதிகமாக ஓட்ட வேண்டியிருக்கும். புதியவரின் இடம் முன்னோடிக்கு நேர் பின்னால். அப்போதுதான் முன்னோடி கண்ணாடியில் அவரைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ள முடியும். கடைசியில் அனுபவசாலி வரட்டும். நேர்ப்பாதையில் ஒருவர் விட்டு ஒருவர் இடமும் வலமுமாகப் போகலாம், அதே தடத்தில் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி. வளைவு வந்தால் எல்லோரும் ஒற்றை வரிசை. பாதை பிரிகிற இடத்தில் புதியவருக்கு அடுத்து வருபவர் நின்று வழிகாட்டிவிட்டு, எல்லோரும் போனபின் கடைசி ஆளுக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். இந்த ஒரு ஏற்பாடு இருந்தால் யாரும் யாருடைய பின்விளக்கையும் துரத்த வேண்டியதில்லை.

பேசிய பிறகும் யாராவது டயரைத் தடவக் குனியலாம். பதிலுக்குக் கேலி செய்யாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள், இந்தமுறை சேர்ந்து சிரிக்கவும் செய்யாதீர்கள். ‘அந்தப் பேர் வேண்டாம்னு சொன்னேனே’ என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். அப்போது சுற்றிலும் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே மாதிரி சிரிக்கமாட்டார்கள். அடுத்த பெயர் தனக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் சிரிப்பவர் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். சிரிக்காமல் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கலாம். அவரோடு பேச்சுக் கொடுங்கள். அவர்கள் மாறவே இல்லையென்றால் விலகிவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. சேர்ந்து ஓட்டப் பதினோரு பேர் வேண்டும் என்று யார் சொன்னது? நம்பிக்கையான ஒருவர் போதும். தனியாகப் போவதும் நல்லதுதான், யாரிடமாவது போகிற வழியைச் சொல்லிவிட்டுப் போனால்.

இதைப் படிக்கிற மூத்த ஓட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பின்னால் வருகிற புதியவர் உங்கள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லையும் பயிற்சியாகத்தான் எடுத்துக்கொள்கிறார். டயர் ஓரத்தைப் பார்க்கக் குனிந்த அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய டயரில் காற்று சரியாக இருக்கிறதா, சங்கிலி தொங்குகிறதா என்று பாருங்கள். குனிந்தது குனிந்ததுதானே.

கடைசியாக, உங்கள் தங்கை. தம்பி, இந்த விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். வாரம் முழுக்க நீங்கள் வாங்கிச் சுமந்ததை, திருப்பிக் கொடுக்க முடியாத ஒருவர் மேல் இறக்கிவைத்துவிட்டீர்கள். ‘தையல் மெஷின்’ என்பதும் ‘அதெல்லாம் ஒரு வண்டியா’ என்பதும் ஒரே வாக்கியம்தான். உங்களுக்குக் கிடைத்தது குழுவில் சேர்ந்த முதல் நாளே, அவருக்குக் கிடைத்தது உங்களிடம் வந்து கேட்ட அன்றே. உங்களை அவர்கள் ஓட்டத்தான் தூண்டினார்கள், ஆபத்தாக என்றாலும். நீங்கள் அவரை ஓட்டவே விடாமல் நிறுத்திவிட்டீர்கள்.

வான் பியூரன் குடும்பத்து அக்காள் தங்கை இருவர், அகஸ்டாவும் அடலினும், 1916இல் ஆளுக்கொரு இந்தியன் மோட்டார்சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார்கள். ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வேலையைப் பெண்களும் செய்யலாம் என்று காட்டத்தான் போனார்கள். அவ்வளவு தூரம் ஓட்டிக் காட்டியும் ராணுவம் அவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. வழியில் கால்சட்டை போட்டதற்காகக் காவலர்கள் பிடித்ததும் உண்டு. 2018இல் ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ சூப்பர்ஸ்போர்ட் 300 பிரிவில் உலகப் பட்டம் வென்றார். ஆண்களோடு ஒரே தடத்தில் ஓடி, சாலைப் பந்தயத்தில் தனிநபர் உலகப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். இந்தப் பெயர்களை உங்கள் தங்கையிடம் சொல்லி ஊக்கப்படுத்தச் சொல்லவில்லை. அவருக்கு ஊக்கம் ஏற்கெனவே இருந்தது, உங்களிடம் கேட்டாரே. இவை உங்களுக்காக.

போய் மன்னிப்புக் கேளுங்கள். ‘அன்னிக்கு நான் சொன்னது தப்பு. என்னை அவங்க கிண்டல் பண்ணின கடுப்பை உன் மேல காட்டிட்டேன்’ என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வளைவையும் சொல்லுங்கள். அதை ஒருவரிடமாவது சொன்னால்தான் அது உங்களை விட்டுப் போகும். பிறகு அவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புங்கள், நீங்களே கற்றுக்கொடுக்க வேண்டாம். நான் முன்பு சொன்ன அந்த அறிக்கையில், விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். வீட்டார் நல்ல மனதோடு, தங்களுடைய தவறான பழக்கங்களையும் சேர்த்தே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நீங்களும் அதே வகுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள், வளைவுக்காக.

ஸ்கூட்டர் எளிது என்று நினைத்து அவரை அவசரப்படுத்தாதீர்கள். சக்கரம் சிறியது என்பதால் பள்ளம் அதிகமாகத் தெரியும். எடை பின்பக்கம் கூடுதலாக இருக்கும். கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லாததால் த்ராட்டிலைத் திறந்த கணமே வண்டி நகரும். பதறியவர் கைப்பிடியை இறுகப் பற்றும்போதே முறுக்கியும்விடுவார். நான் பார்த்தவரை, புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த முதல் பத்தடியில்தான் விழுகிறார்கள். ஹெல்மெட்டை அவரே போட்டுப் பார்த்து வாங்கட்டும். பட்டையை மாட்டி ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் கன்னமும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் தனியாகச் சுழலக்கூடாது.

வகுப்பு முடிந்து அவர் முதன்முதலாகச் சாலைக்கு வரும் நாளில் நீங்கள் உங்கள் 125இல் பின்னால் போங்கள். அவர் முன்னால் போகட்டும், பாதையையும் வேகத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். இடைவெளி விட்டு வாருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். முதல் வளைவுக்கு முன்னால் அவர் நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வேகம் குறைப்பார். வண்டியை நிறுத்திய பிறகு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள்.